அரை மணி

தங்க நிற வளையம் போட்டதைத்தான் சேவுகன் முதலில் கேட்டார்.
எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.
டவுன் ஹால் ரோட்டு வெயில் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து
முதலில் உட்காருவதும் அதன் மேல்தான்.
முகப்பைச் சுற்றி இருபத்துநான்கு ஊர்.
விலை பதினோராயிரத்துச் சொச்சம்.
விற்றால் எனக்கு இருநூற்றிருபது.

மேலூர்ப் பக்கம், கல் பாலிஷ் போடும் மெஷினுக்கு ஃபிட்டர்.
நகக்கண்ணெல்லாம் சாம்பல் மாவு.
வெள்ளிக்கிழமை இஸ்தான்புல், அங்கிருந்து நைரோபி,
வருகிற வழியில் காத்மாண்டு என்று
கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் போலச் சொன்னார்.

வளையத்தைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினேன்.
"நம்ம ஊரு எங்கன இருக்கு, பாருங்க."
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார்.
கராச்சி இருந்தது.
அடுத்த கோட்டில் டாக்கா.
நடுவில் ஒரு நெல் அளவு வெறும் தகரம்.
"அந்த நெல்லுக்குள்ளதாண்ணே நாம அத்தனை கோடிப் பேரும் நிக்கிறோம்.
இதுக்கு முழு மணிதான் தெரியும்.
நமக்கு ஒரு அரை ஒட்டிக்கிட்டு இருக்குல்ல."

"பதினோராயிரத்துக்கு ஒரு அரை மணி தரமாட்டானா?"

அரை என்றாலே நமக்குக் குறைதான்:
அரைவேக்காடு, அரைக்கிறுக்கு, அரைமனசு.
இந்த ஓர் அரையை மட்டும்
யாருக்கும் விட்டுக்கொடுக்க முடிவதில்லை.

கீழ் டிராயரிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக்கை எடுத்தேன்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து.
டப்பாகூடக் கிடையாது, பிஸ்கட் உறை மாதிரி ஒன்று.
எனக்கு முப்பத்தைந்து ரூபாய்.
ஏன் எடுத்தாய் என்று முதலாளி கேட்டால்
அந்த நெல் அளவு தகரத்தைத்தான் காட்டவேண்டும்.

"இதை அமுக்குனா ஊரு மாறும்.
இதை அமுக்கிப் பிடிச்சா
போன ஊரும் வீட்டு நேரமும் இடம் மாத்திக்கும்.
கோடையில சில தேசத்துல ஒரு மணி நேரத்தைத் தூக்கி
முன்னாடி வச்சிருவாங்க.
அது இதுக்குத் தானாத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.
பேட்டரி பத்து வருசம்னு போட்டிருக்கு. ஏழுன்னு வச்சுக்கங்க.
பெல்ட்டு வேர்வையில வெளுக்கும்.
வெளக்கு மின்மினிதான்.
பக்கத்து சீட்டுக்காரரு முழிக்க மாட்டாரு, அம்புட்டுத்தான்."

"இதெல்லாம் செல்லுலயே தெரியுமே தாயி."

"கையெல்லாம் கிரீஸா இருக்கறப்ப செல்லை எதால எடுப்பீங்க?"

சிரித்தார்.
ஒரு தடவை பல்லால் எடுத்திருக்கிறாராம்.

கட்டிப் பார்த்தார். கடைசி ஓட்டைக்கு முந்தின ஓட்டை.
பொத்தானை அமுக்கி அமுக்கி உலகத்தை ஒரு சுற்று வந்து
டெல்லியில் நின்றார்.
"மதுரை இல்லையா?"
"மெட்ராஸே இல்லைண்ணே. டெல்லியிலதான் நாம எல்லாரும்."
வெளியே ஷேர் ஆட்டோக்காரர்
ஆரப்பாளையம் ஆரப்பாளையம் என்று
ஊர்ப் பெயரை இரண்டிரண்டாக இறைத்துக்கொண்டிருந்தார்.
"நேரம் ஒண்ணுதான?"
"ஒண்ணுதான்."
"வேற எதுலயாச்சும் டெல்லியும் மேலூரும் ஒண்ணுன்னு
நீ பாத்திருக்கியா?"
பதிலுக்குக் காத்திருக்காமல் பணத்தை எண்ணி வைத்தார்.
பேரம் பேசவில்லை.
மீதி ஐந்து ரூபாயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாற்பது நாள் கழித்துக் கடை செல்லுக்கு ஒரு படம் வந்தது.
மணிக்கட்டு, மாவு, வாட்ச்.
பின்னால் பனியில் மலையோ கற்குவியலோ தெரியவில்லை.
"காத்மாண்டு.
இங்க நம்மளவிடப் பதினஞ்சு நிமிசம் கூட.
உன் பிளாஸ்டிக் அதையும் சரியாச் சொல்லுது.
இந்தக் கால் மணியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

முதலாளி தங்க வளையத்தை
மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.
சுவரில் மணி பார்த்தேன். நாலு முப்பத்தைந்து.
அங்கே நாலு ஐம்பது.

"டீ குடிங்கண்ணே" என்று அனுப்பினேன்.